பரீட்சைக்கு முன்னால் கோயில்

“இல்லப்பா, பையன் அம்மா ஜாடை. மூக்கு மட்டும் என்னுது.”

சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்த ரிக்‌ஷாக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அவர் ஒன்றும் கேட்கவில்லை; நானாகத்தான் சொன்னேன்.

“மூக்கு கெடக்கட்டும் பெரியவரே. இறுக்காத, புள்ள மூச்சு வுடட்டும்.”

இண்டர்மீடியட் பரீட்சை நடக்கும் காலேஜ் வாசலில், வேப்பமர நிழலில் பேரனோடு உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே என் மகள் வெரோனிகா எழுதிக்கொண்டிருக்கிறாள். மதியம் வெளியே வந்து பால் கொடுத்துவிட்டு மறுபடி உள்ளே போக வேண்டும்.

எங்கள் சாந்தோம் சந்தில் இண்டர் வரை வந்த முதல் பெண் அவள்தான். நடுவில் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை காஸ்பருக்குப் பெஜவாடாவில் ரயில்வே வேலை. வயிற்றுப் பிள்ளையோடும் வகுப்புக்குப் போனாள். சரித்திரம், லாஜிக், இங்கிலீஷ் என்று தலையணை உயரத்துக்குப் புத்தகங்கள். பிள்ளை பிறந்ததும் என் மனைவி சொர்ணம் அத்தனையையும் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவிட்டாள்.

“பச்ச ஒடம்புக்காரி படிச்சா கண்ணு போயிடும்!”

நான் நாலாவதோடு நின்றவன். படித்துக் காட்ட எனக்குத் தெரியாது. அவளோடு படிக்கும் அஃப்சருன்னிசாதான் தன் புத்தகத்தோடு தினமும் மத்தியானம் வந்து சத்தமாகப் படித்தாள். வெரோனிகா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக் கேட்பாள்.

“தூங்கறியாடி?”

“கேட்டுக்கினுதான் கீறேன். அசோகர் கல்வெட்டு. மேல படி.”

“அசோகர் செத்து ரெண்டு பக்கம் ஆச்சு!”

இரண்டு பேரும் சிரிப்பார்கள். சிரிக்கும்போதே வெரோனிகாவுக்குக் கண் சொருகும். பிள்ளை அழுவான். ராத்திரியும் அவன் தூங்கவிடுவதில்லை.

பரீட்சைத் தேதி வந்தது. பிள்ளை பிறந்து நாற்பது நாள் முடியவில்லை.

“மாதா கோயில்ல ஆசீர்வாதம் வாங்காம புள்ள பெத்தவ வாசப்படி தாண்டக் கூடாது,” என்றாள் சொர்ணம். “அடுத்த வருசம் எழுதட்டும்.”

அடுத்த வருஷம் பெஜவாடாவில் அடுப்படியில் இருப்பாள். வெரோனிகா சண்டை போடவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதைப் பார்க்க முடியாமல் பங்குச் சாமியாரிடம் போனேன்.

“நாப்பது நாள்னு உங்க வீட்ல வச்ச கணக்கு,” என்றார் அவர். “நன்றி சொல்ல எந்த நாளும் நல்ல நாள்தான். பரீட்சையன்னைக்கே காலையில கூட்டியா.”

சாமியாரே சொன்ன பிறகு சொர்ணம் மெழுகுவர்த்தி வாங்கி வைத்தாள்.

இன்று விடிந்ததும் போனோம். கோயில் வாசலில் வெரோனிகா மெழுகுவர்த்தியோடு முழந்தாளிட்டாள். சாமியார் ஜெபம் சொல்லச் சொல்ல அவள் தலை தாழ்ந்துகொண்டே போனது. “இன்னா பக்தி பாரு,” என்று சொர்ணம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இந்தக் காலேஜ் வாசலில் ரிக்‌ஷா நின்றதும், வெரோனிகா பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டுக் குனிந்து சொன்னாள்:

“நைனா, அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. முட்டி போட்டவ அப்படியே தூங்கிட்டேன். மெழுகு கையில சுட்டப்பறம்தான் முழிச்சேன். இப்போ தலை தெளிவா கீது, எழுதிடுவேன்.”