ஜூலி சிஸ்டர் பாஸாம்

ஜூலிக்கு டாக்டராக வேண்டும் என்ற ஆசை சின்ன வயதில் இருந்ததே இல்லை. நர்ஸாக வேண்டும் என்று நினைத்தாள், ஆனாள். முப்பத்தேழாவது வயதில் நீட் பரீட்சைக்கு விண்ணப்பித்தாளே, அதற்குக் காரணம் பாஞ்சாலியின் விரல்கள்.

ஒரகடத்தில் கார்களுக்கு ஒயர் கட்டு தயாரிக்கும் தொழிற்சாலை ஒன்றின் முதலுதவி அறையில் ஜூலிக்கு ஷிப்ட் முறையில் வேலை. கையில் கீறல், கண்ணில் தூசி, வயிற்று வலி என்று நாளெல்லாம் யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை டாக்டர் ஹேமந்த் வருவார். ஜூலியைவிட எட்டு வயது சின்னவர்.

ஒருநாள் பதினொரு மணிக்கு, லைனில் சூப்பர்வைசரோடு சண்டை போட்ட பாஞ்சாலியை இரண்டு பேர் தாங்கிப் பிடித்து அழைத்து வந்தார்கள். மூச்சு இரைத்தது. இரண்டு கை விரல்களும் ஒன்றோடொன்று ஒட்டி, கொக்கி போல உள்ளே வளைந்திருந்தன. நிமிர்த்தப் பார்த்தால் நிமிரவில்லை.

"சிஸ்டர், கை இஸ்த்துக்கினு போவுது. வாயெல்லாம் மரத்துப்போச்சு. நா செத்துருவனா?"

வலிப்போ, வாதமோ என்று ஜூலி பதறி ஆம்புலன்ஸைக் கூப்பிடப் போனை எடுத்துவிட்டாள். உள்ளறையிலிருந்து வந்த டாக்டர் பாஞ்சாலியை ஒரு பார்வை பார்த்தார். "ஆம்புலன்ஸ் வேணாம் சிஸ்டர்" என்றவர், ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார். "என்னையே பாரும்மா. நான் எண்ணுறேன், அதுக்கேத்தாப்ல மெதுவா மூச்சு விடு." மருந்து இல்லை, ஊசி இல்லை. பத்து நிமிடத்தில் விரல்கள் தாமாகப் பிரிந்தன. பாஞ்சாலி தண்ணீர் குடித்துவிட்டு லைனுக்கே திரும்பிப் போனாள்.

"எப்டி சார் கண்டுபுடிச்சீங்க?"

"ரொம்ப வேகமா மூச்சு விட்டா கார்பன் டை ஆக்ஸைடு ஜாஸ்தியா வெளிய போயிடும். அப்ப ரத்தத்துல கால்சியத்தோட வேல கொறஞ்சிடும். வெரல் இழுத்துக்கும்."

"மூச்சுக்கும் கால்சியத்துக்கும் இன்னா சார் சம்பந்தம்?"

"அது பெரிய கதை சிஸ்டர். எம்பிபிஎஸ் சேருங்க, சொல்லித்தருவாங்க." சிரித்துக்கொண்டே போனைப் பார்க்கத் தொடங்கிவிட்டார். கேலியாகச் சொல்லவில்லை; ஏதோ வாயில் வந்ததைச் சொன்னார். ஆனால் பதினான்கு வருடமாக அடுத்தவர் எழுதிக்கொடுத்த மருந்தையே கொடுத்து வந்த ஜூலிக்கு அந்த வார்த்தை எங்கேயோ போய்த் தைத்தது. அன்று சாயங்காலம் கம்பெனி பஸ்ஸில் வரும்போது போனில் தேடினாள். நீட் எழுத வயது வரம்பு இப்போது கிடையாது என்று போட்டிருந்தது. நம்பாமல் இன்னும் நான்கு இடத்தில் தேடினாள். எல்லாவற்றிலும் அதே பதில்.

சிங்கப்பெருமாள் கோவில் என்ற ஊரில் அவர்கள் வீடு. கணவன் நிர்மல் வேறொரு கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். விஷயத்தைச் சொன்னதும் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை அப்படியே நிறுத்தினான்.

"இன்னாத்துக்கு? நர்ஸ் வேல புடிக்கலியா?"

"புடிக்கிது."

"அப்ப யாராவது எதுனா சொன்னாங்களா?"

"இல்ல."

"அப்புறம் இன்னாதான் வோணும் ஒனக்கு?"

"தெர்லங்க."

நிர்மல் அதற்கு மேல் கேட்கவில்லை. தடுக்கவும் இல்லை. அதுவே அவளுக்கு இன்னும் குழப்பமாக இருந்தது. சண்டை போட்டிருந்தாலாவது எதிர்த்துப் பேசும்போது காரணம் வாயில் வந்திருக்கும்.

பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கும் மஹாலட்சுமி, "பொண்ணு பேர் சொல்லுங்கக்கா" என்றாள். "எனக்குத்தாம்மா" என்று சொன்னபோது ஜூலிக்குக் காது சூடேறியது. மதிப்பெண் பட்டியலில் ஜூலி, ஆதாரில் ஜூலி நிர்மல். எந்தப் பெயரைப் போடுவது என்று இருவரும் அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். ஆதாரைத் திருத்துவதற்கு மூன்று முறை அலைய வேண்டியிருந்தது.

பிறகு படிப்பு. பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகங்களைப் பஸ்ஸில் மடியில் வைத்துப் படிப்பாள். அரசு வேலைக்குப் படிக்கிறாள் என்று பஸ்ஸில் எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். அவளும் திருத்தவில்லை. இயற்பியல் சுத்தமாக ஏறவில்லை. சுழலும் சக்கரத்தைப் பற்றிய பாடத்தை நான்கு முறை படித்தாள். நான்கு முறையும் புதிதாகவே இருந்தது. தெரிந்த பாடமான உயிரியலாவது கைகொடுக்கும் என்று பார்த்தால், அதுதான் அவளை அதிகம் குழப்பியது. மாதிரித் தேர்வில் ஆரோக்கியமான மனிதர் நிமிடத்துக்கு எத்தனை முறை மூச்சு விடுவார் என்றொரு கேள்வி. வார்டில் இருபது வரைக்கும் சரி என்று கற்றவள் அதையே குறித்தாள். புத்தகத்தில் பன்னிரண்டிலிருந்து பதினாறு. தப்பு, ஒரு மதிப்பெண் போயிற்று. தனக்குத் தெரிந்தது நிஜமா, புத்தகத்தில் இருப்பது நிஜமா? வாட்ச்சைப் பார்த்துப் பார்த்து எத்தனை பேருடைய மூச்சை எண்ணியிருப்பாள்!

வேதியியலில் ஒரு நாள், கார்பன் டை ஆக்ஸைடு ரத்தத்தில் கரைந்து அமிலமாகும் இடம் வந்தது. அது வெளியே போனால் அமிலம் குறையும். சரி, பாதி புரிந்துவிட்டது! பக்கத்து சீட்டில் இருந்தவளைத் தொட்டுச் சொல்லப்போய், எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் நிறுத்திக்கொண்டாள். அமிலம் குறைந்தால் கால்சியத்துக்கு என்ன வந்தது என்பது அந்தப் புத்தகத்தில் இல்லவே இல்லை.

மே மாதத்து வெயிலில் பரீட்சை. கேட்டில் நின்ற காவலாளி கையை நீட்டி மறித்தார். "பேரன்ட்ஸ்லாம் அந்தாண்ட நிழல்ல நில்லும்மா." ஹால் டிக்கெட்டைக் காட்டினாள். அவர் போட்டோவையும் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு, "போங்க மேடம்" என்றார். முன்னும் பின்னும் பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள். முன்பெஞ்சில் ஒரு பெண் வேகவேகமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள். "ஒண்ணும் இல்லம்மா, மெதுவா மூச்சு வுடு" என்று சொல்லிவிட்டு, தன் நெஞ்சு அடித்துக்கொள்வதை ஜூலி அப்போதுதான் கவனித்தாள்.

முடிவு வந்தது. எழுநூற்றிருபதுக்கு இருநூற்று எழுபத்தொன்று. பக்கத்தில் 'தகுதி பெற்றார்' என்று இருந்தது. நிர்மல் அதை அப்படியே போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கு அனுப்பிவிட்டான். ஜூலி சிஸ்டர் பாஸாம் என்று தெருவெல்லாம் பேச்சு. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் செல்வநாதன், "நம் சபைச் சகோதரி ஜூலி டாக்டர் படிப்புக்குத் தேர்வாகியிருக்கிறார்" என்று அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். மஹாலட்சுமி ஏற்கெனவே சொல்லியிருந்தாள்: தகுதி வேறு, சீட் வேறு. இந்த மதிப்பெண்ணுக்கு அரசுக் கல்லூரியில் இடம் கிட்டத்தில்கூட வராது. அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது என்றார்கள். அவள் படித்ததோ அரசு உதவிபெறும் பள்ளி. அந்த 'உதவிபெறும்' என்ற ஒரு வார்த்தையில் அதுவும் போயிற்று.

கைதட்டல் நிற்காமல் போகவே ஜூலி எழுந்தாள்.

"ஐயா, மன்னிக்கணும். பாஸ்தான். ஆனா சீட் கெடைக்காது. நா டாக்டர் ஆவல."

கைதட்டல் நின்றது. போதகர் அறிவிப்புத் தாளை மடித்து வைத்தார். பிறகு, "அதற்காகவும் ஸ்தோத்திரம்" என்றார். யாரோ சிரித்தார்கள், ஜூலியும் சிரித்துவிட்டாள். வெளியே வந்ததும் மூன்று பேர் மாத்திரை அட்டையை நீட்டி, இதைச் சாப்பிடலாமா என்று கேட்டார்கள். டாக்டர் ஆகவில்லை என்று அவள் சொன்னது அவர்கள் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள். வரவில்லை. சந்தோஷம் என்றும் சொல்ல முடியவில்லை. "மறுபடி எழுதப் போறியா, வுட்டுடப் போறியா? ஏதாச்சும் ஒண்ணு சொல்லு" என்று நிர்மல் கேட்டபோது, இரண்டில் எதைச் சொன்னாலும் பொய்யாகிவிடும்போல் இருந்தது.

இருந்தும், அடுத்த வாரம் பகல் ஷிப்ட் மட்டும் கேட்டு மனிதவள அலுவலகத்தில் கடிதம் கொடுத்தாள். அதிகாரி கோபிநாத் படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"பரீட்சைக்குப் படிக்கணுமா? எந்தப் பரீட்சை?"

சொன்னாள். அவர் விரல் விட்டு எண்ணினார். "இப்ப சேந்தாலே முடிக்க அஞ்சரை வருஷம் ஆவுமே. அதுக்கப்புறம் இங்கயே டாக்டரா வருவீங்களா, இல்ல எங்கனா போயிடுவீங்களா?"

அதை அவள் யோசித்ததே இல்லை. பரீட்சையைத் தாண்டி ஒரு நாளைக்கூட அவள் நினைத்துப் பார்த்ததில்லை என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் அவளுக்கே தெரிந்தது.

"தெர்ல சார்" என்றாள். "இன்னும் கால்சியம் வரைக்கும் வர்ல."

கோபிநாத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஜூலி காகிதத்தை வாங்கிக்கொண்டு முதலுதவி அறைக்குத் திரும்பினாள். வாசலில் விரலைத் துணியால் சுற்றிக்கொண்டு ஒருவன் காத்திருந்தான்.