நெவில் டிரான்டர் கடித்துப் பார்த்த களிமண்

நெவில் டிரான்டருக்கு அறுபத்திரண்டு வயது. ஆஸ்திரேலியாவில், பாக்கஸ் மார்ஷ் என்ற ஊர்ப் பக்கத்தில் சாலைகளுக்கு அடியில் குழாய் போகத் துளை போடுவதுதான் தொழில். இந்தப் பக்கம் இயந்திரத்தை நிறுத்தி, சாலையைத் தொடாமல், மறுபக்கம் வரை முதலில் ஒல்லியாக ஒரு துளை குடைவார்கள். அங்கே கம்பியின் நுனியில் ரீமர் என்ற குடைதலையை மாட்டி, துளையை அகலமாக்கிக்கொண்டே இந்தப் பக்கம் இழுப்பார்கள். எந்த மண்ணுக்கு எந்த ரீமர் என்பதில்தான் தொழிலின் சூட்சுமம். அது தன் வாயில் இருப்பதாக நெவில் நம்பினார்.

ஆமாம், வாயில்தான். துளையிலிருந்து வழியும் சேற்றில் ஒரு சிட்டிகை எடுத்து முன்பல்லில் கடித்துப் பார்ப்பார். வழவழத்தால் களிமண், அதற்கு அறுத்துக்கொண்டு போகும் இறக்கை ரீமர். நறநறத்தால் மணல், சுவர் சரியாமல் அழுத்திக்கொண்டு வரும் பீப்பாய் ரீமர். பல் கூசினால் பாறை. பல்சக்கரங்கள் வைத்த ரீமர். அந்த முன்பற்கள் இரண்டும் பொய்ப்பற்கள் என்பதை மட்டும் அவர் யோசித்ததில்லை.

அந்த ஜனவரியில் வெயில் கொளுத்தியது. ஊர் கிளப்பில் பந்துருட்டும் புல்தரை மஞ்சளாகிவிட்டது. சுத்திகரித்த தண்ணீர்க் குழாய் நெடுஞ்சாலையின் மறுபக்கம் வரை வந்து நின்றிருந்தது. இன்னும் ஒரு வாரம் தண்ணீர் வராவிட்டால் புல் செத்துவிடும், இந்த வருடப் போட்டிகள் அத்தனையும் போய்விடும் என்று தரையைப் பராமரிப்பவர் சொன்னார். கிளப்பின் துணைத் தலைவர் நெவில். பீர் கோப்பையை உயர்த்தி, வியாழக்கிழமை தண்ணீர் வரும், அதுவும் இலவசமாக, என்று அறிவித்துவிட்டார். அவரை யாரும் கேட்கவில்லை.

திங்களன்று ஒல்லித் துளை முடிந்தது. துளை போகும் தடத்தைக் கையில் கருவியோடு மேலே நடந்து கண்காணிப்பவள் லோசா, சமோவாக்காரி, வாய்த்துடுக்கு உள்ளவள். ஒன்பதாவது கம்பி உள்ளே போனபோது, நடுச்சாலைக்குக் கீழே, துளைக்கும் முனை ஒரு சாண் விலகிப் போனதாகக் குறித்து வைத்திருந்தாள். அந்தப் பக்கத்து மண் அப்படி. பழைய எரிமலைக் கற்கள், கெட்டிக் குழம்பில் கிடக்கும் உருளைக்கிழங்கு மாதிரி, களிமண்ணுக்குள் அங்கங்கே கிடக்கும்.

"நடு ரோட்டுக்குக் கீழ கல்லு இருக்கு. சக்கர ரீமரை மாட்டுங்க" என்றாள்.

நெவில் சேற்றைக் கடித்தார். "நாப்பது வருஷமா இந்த மண்ணைத் தின்னுட்டிருக்கேன். இது சுத்தக் களி. இறக்கைதான்."

"நீங்க கடிச்சது உங்க காலடி மண்ணு, பெரியவரே."

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கிளப் ஆட்கள் வெள்ளை உடுப்போடு, மடக்கு நாற்காலிகளோடு, வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். அவர்கள் கண்முன்னே சாலையைக் கடந்து போய், தன் கையாலேயே இறக்கை ரீமரை மாட்டிவிட்டுத் திரும்பி வந்து, இழுக்க ஆரம்பித்தார்.

நடுச்சாலையில் ரீமர் சிக்கியது. இன்னும் இழுத்தார். இயந்திரத்தின் முன்பக்கம் தரையை விட்டு எழும்பியது. கீழே ஏதோ முறிந்த அதிர்வு கம்பி வழியாக வந்து அவர் இடுப்பில் இறங்கியது. நெடுஞ்சாலையைத் தோண்ட அனுமதி கிடைக்காது. வேறு இடத்தில் துளை போட மறுபடி மனுக் கொடுத்தால் ஒரு மாதம் ஆகும். புல் அதுவரை காத்திருக்காது. கிளப் ஆட்களிடம் சொல்ல அவர் மூன்று பொய்கள் தயார் செய்தார். புதைந்து கிடந்த பழைய காரில் மாட்டிக்கொண்டது என்பது அதில் சிறந்தது.

அப்போது மறுபக்கத்திலிருந்து ரேடியோவில் லோசா, பிடியை விடச் சொன்னாள். அங்கே மண்வாரி இயந்திரம் ஓட்டும் ட்ரெவர் தங்கள் பக்கம் இழுக்கட்டும் என்றாள். எதைப் பிடித்து இழுப்பான் என்று நெவில் கேட்டார். ரீமரின் பின்னால் கம்பிகளைக் கோத்துக்கொண்டே வந்ததாக அவள் சொன்னாள். அவர் சொல்லாத வேலை அது. ட்ரெவர் மண்வாரி இயந்திரத்தால் இழுத்தான். ரீமர் ஒரு இறக்கையை இழந்து, வந்த வழியே வெளியேறியது.

நெவில் சாலையைக் கடந்து ஓடினார். அங்கே சக்கர ரீமர் கழுவித் துடைத்துத் தயாராக இருந்தது.

"இதை யார் கொண்டுவரச் சொன்னா?"

"எப்பவும் கொண்டு வர்றதுதான்" என்றாள் லோசா. "ஏழு வருஷமா. நீங்க ஒண்ணு சொல்வீங்க, நாங்க இந்தப் பக்கம் சரியானதை மாட்டிடுவோம். இன்னிக்கு ஆளுங்க பாக்கறாங்கன்னு நீங்களே வந்து மாட்டிட்டீங்க. பின்னாடி கம்பி கோக்க மட்டுந்தான் முடிஞ்சுது."

"அப்ப என் பக்கம் ரீமர் வெளிய வர்றப்ப எனக்குத் தெரிஞ்சிருக்குமே?"

"வெளிய வர்றப்ப நீங்க போன்ல பெருமை பேசிட்டிருப்பீங்க."

அவருக்கு வலித்தது. நிஜமாகவே வலித்தது. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார்.

"ஒவ்வொரு தடவையும் சொன்னோமே, நெவில்."

சக்கர ரீமர் கல்லை அரைத்துக்கொண்டு வந்தது. வியாழக்கிழமை காலையில் புல்தரையில் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. எல்லாரும் கைதட்டி நெவிலைப் பேசச் சொன்னார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாக, ரீமரைத் தேர்ந்தெடுத்தது லோசா, தான் தேர்ந்தெடுத்தது தப்பு, ஏழு வருடமாகவே தப்பு என்று ஒன்று விடாமல் சொன்னார்.

கிளப்பே விழுந்து விழுந்து சிரித்தது. இவ்வளவு பெரிய ஆளுக்கு எவ்வளவு தன்னடக்கம் என்று தலைவர் அவர் தோளைத் தட்டினார். மறுத்துப் பேச நெவில் வாயைத் திறந்தார். ஆனால் மனம் வரவில்லை.