மே மாதத்தில் நின்ற வீடு

பேய்க் கதையை என் மகளுக்குச் சொன்னது நான்தான். இதை முதலிலேயே எழுதிவிட வேண்டும்.

கொடைக்கானலில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்கு மேலே, யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவில் ஒரு கல் பங்களா இருந்தது. ஓரத்தில் வட்டமாக ஒரு கோபுரம் வைத்துக் கட்டியது. அக்கம்பக்கத்தில் அதைக் கோட்டை என்பார்கள். மதுரைக்கார முதலாளி குடும்பம் சீசனுக்கு மட்டும் வந்து போகும். மற்ற மாதங்களில் சாவி எங்கள் வீட்டு ஆணியில் தொங்கும். என் கணவர்தான் அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டார். எழுபதுகளின் கடைசியில், ஒரு ஜூலை மாதம், அவர் டிரைவர் வேலைக்கு மஸ்கட் போனார். அதன் பிறகு சனிக்கிழமைதோறும் ஜன்னல்களைத் திறந்து, காற்றாட விட்டு, ஈரம் துடைத்துப் பூட்டுவது என் பொறுப்பாயிற்று.

எதையும் இடம் மாற்றக் கூடாது என்பது முதலாளியம்மாளின் உத்தரவு. சாப்பாட்டு அறையில் இருந்த தினசரி காலண்டர், அவர்கள் கிளம்பிய மே கடைசி நாளிலேயே நின்றிருந்தது. கிழிக்கலாமா, கிழித்தால் அதுவும் இடம் மாற்றியது போலாகுமா என்று வாராவாரம் யோசிப்பேன். அப்படியே விட்டுவிட்டு வருவேன்.

கூட வரும் என் மகளுக்கு அப்போது ஏழு வயது. கோபுரத்தின் மரப்படிகளைக் கறையான் தின்றிருந்தது. அவள் ஏறிவிடுவாளோ என்று எனக்கு ஒவ்வொரு வாரமும் பயம். அதனால்தான் அந்தக் கதை. இது பேய்க் கோட்டை, தனியாக உள்ளே வருகிறவர்கள் பழைய நாளுக்குப் போய்விடுவார்கள், திரும்பி வர வழி தெரியாமல் அங்கேயே நின்றுபோனவர்கள்தான் பேய்கள் என்று சொன்னேன். படித்தவள் சொல்கிற கதையா இது என்று அன்றே உறுத்தியது. ஆனால் அவள் கோபுரப் படிகளின் பக்கம் போவதை நிறுத்திவிட்டாள். அந்த நிம்மதியில், அவள் காலண்டரையே பார்த்துக்கொண்டு நிற்பதை நான் கவனிக்கவில்லை.

நவம்பரில் ஒரு பிற்பகல், மண்ணெண்ணெய் வரிசையில் நின்றுவிட்டு வந்தபோது எங்கள் வீடு திறந்து கிடந்தது. ஆணிக்கு நேர் கீழே முக்காலி. ஆணியில் சாவி இல்லை. அவளுடைய ஸ்வெட்டர் கட்டிலில் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

அடுத்த வீட்டு அக்கா வாசலில் கேரட் கழுவிக்கொண்டிருந்தார்.

"அக்கா, பாப்பாவப் பாத்தீங்களா?"

"இப்பத்தான மேல ஏறிப் போச்சு. குட்டைக் கவுனு ஒண்ண மாட்டிக்கிட்டு. குளிரலையாடின்னு கேட்டா, அங்க வெயிலடிக்கும்ங்குது."

"எங்க?"

"கோட்டையிலதான். நீங்க சொன்ன கதையாமே. படிச்சவுக வீட்டுப் புள்ளைக்குப் பேயும் பயமில்ல, பனியும் பயமில்ல." என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். "வெரசாப் போங்க தாயி. மேகம் எறங்குது."

பாதி வழியிலேயே கோபுரம் கண்ணில் படவில்லை. எல்லாம் வெள்ளையாக மூடியிருந்தது. கூப்பிட வாயெடுத்தேன். அவள் படியில் நின்றுகொண்டிருந்தால்? சத்தம் கேட்டுத் திடுக்கிட்டுக் காலை மாற்றி வைத்துவிட்டால்? கூப்பிடவில்லை. கூப்பிடாததால் இந்த நிமிஷம் ஏறிக்கொண்டிருக்கிறாளோ என்று அடுத்த பயம்.

கதவு ஒருக்களித்திருந்தது. முதலில் கோபுரப் படிக்கு ஓடினேன். தூசியில் காலடி எதுவும் இல்லை.

சாப்பாட்டு அறையில், காலண்டருக்கு நேராக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மே மாதத்தில் போட்டிருந்த மஞ்சள் கவுன், இப்போது தோளில் இறுக்கிப் பிடித்தது. உதடு நீலம் பாரித்திருந்தது.

"சத்தம் போடாதம்மா. அப்பா பின்னாடி வெறகு வெட்டிக்கிட்டிருக்காரு. இப்ப வந்து கேப்பாரு."

"என்ன கேப்பாரு?"

"மஸ்கட்டுக்குப் போகட்டுமான்னு. அன்னைக்கு நீ போங்கன்னு சொன்ன. இன்னைக்குச் சொல்லாத."

முதலாளி குடும்பம் கிளம்பிய அன்று, அதே மேஜையருகில் நான் தட்டுகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். விறகு வெட்டிய கையோடு அவர் உள்ளே வந்து கேட்டார். தலை நிமிராமல் "போங்க" என்றேன். இவள் மேஜைக்கு அடியில் விளையாடிக்கொண்டிருந்தாள். ஒழுகுகிற வீட்டையும் இவள் படிப்பையும் நினைத்துத்தான் சொன்னேன். வேண்டாம் என்று நான் சொல்வேனென எதிர்பார்த்துத்தான் கேட்டாரோ என்று ஜூலையிலிருந்து எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. இவளுக்கும் ஓடியிருக்கிறது.

அவளே பார்க்கட்டும் என்று நினைத்தேன். கையைப் பிடித்துப் பின்கதவுக்குக் கூட்டிப் போனேன். தாழ்ப்பாளில் கை வைத்ததும் ஒரு கணம் தயங்கினேன். எதற்குத் தயங்கினேன் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

வெளியே அவர் வெட்டி அடுக்கிய விறகு இருந்தது. மேலே பாசி படிந்து, இடுக்குகளில் காளான் முளைத்திருந்தது. அவள் ஒரு கட்டையைத் தொட்டு, விரலை முகர்ந்து பார்த்தாள்.

"அன்னைக்குக் காஞ்சிருந்துச்சு," என்றாள். விரலைக் கவுனில் துடைத்துக்கொண்டு, "அப்பா போயிட்டாராம்மா?"

"போயிட்டாருடி."

அதற்குப் பிறகுதான் அவளுக்கு நடுக்கம் வந்தது. முந்தானையால் சுற்றி, தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

"நாம திரும்பி வந்துட்டமா?"

"வந்துட்டோம்."

"நமக்கு வழி தெரிஞ்சிருச்சு," என்று என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

வாராவாரம் அவருக்கு நாங்கள் நலம் என்று எழுதுவேன். அந்த வாரம் நடந்ததை எழுதினேன். கடைசியில், அன்று நீங்கள் கேட்டபோது நான் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை, இன்னொரு தடவை கேளுங்கள் என்று எழுதினேன். தபால் பெட்டி வரை இரண்டு தடவை போய்த் திரும்பி வந்தேன். அவ்வளவு தூரத்தில், தனியாக, இதைப் படித்தால் என்ன பாடுபடுவார்? மூன்றாம் தடவை போட்டுவிட்டேன். போட்ட பிறகு, தபால்காரரைக் கேட்டால் திருப்பித் தருவாரா என்று பெட்டியருகிலேயே வெகுநேரம் நின்றிருந்தேன்.

அந்தச் சனிக்கிழமையும் காலண்டரைக் கிழிக்கவில்லை. பதில் வரட்டும் என்று விட்டுவிட்டேன்.