நீலாவதியின் கேசரி யானை

வெந்து இறங்கிய இட்லியின் மேல் துணி மடிப்பு விழுந்திருந்தால், நீலாவதி விரலை நனைத்து அதைத் தேய்த்துச் சமன் செய்துவிட்டுத்தான் தட்டில் வைப்பார். கணவர் சுப்புராயன் பசியோடு காத்திருப்பார். "வவுத்துக்குள்ள போறதுக்கு எதுக்கு இம்மாம் மினுமினுப்பு?" என்று கேட்டாலும் தேய்ப்பது நிற்காது. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பொம்மைப் பட்டறையில் பத்தொன்பது வருஷமாக, அச்சிலிருந்து எடுத்த சுடாத பொம்மைகளைச் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைத்துச் சூளைக்கு அனுப்புகிற கை அது. வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருக்கத் தெரியாது.

கேசரி கிளறுவதில் அந்தத் தெருவில் அவரை மிஞ்ச ஆளில்லை. ரவையை வாசம் வரும்வரை நெய்யில் வறுப்பார். அது தண்ணீரில் முழுசாக வேகும்வரை சர்க்கரை டப்பாவை யாரையும் தொட விடமாட்டார். "அவசரப்பட்டா வெறச்சிக்கும்" என்பார், ரவைக்கும் மனிதர்களுக்கும் சேர்த்து.

அப்படிப்பட்டவரின் மகள் மதிவதனியின் கல்யாணத்தில், சேத்தியாத்தோப்பிலிருந்து வந்த சம்பந்தியம்மாள் காசியம்மாள் உட்கார்ந்த பந்திக்குக் கேசரி தீர்ந்துபோய்விட்டது. கிளறியது சமையல்காரர், பழி வந்து விழுந்தது நீலாவதி தலையில். எட்டு மாதமாகக் காசியம்மாள் இந்த வீட்டுக்கு வந்தாலும் பச்சைத் தண்ணீர் தொடுவதில்லை. 'இப்பதான் சாப்ட்டு வந்தேன்' என்று ஒரே பாட்டு. மாமியார் கை நனைக்காத வீட்டில் மருமகள் மட்டும் எப்படி நாலு நாள் தங்குவது? மதிவதனி காலையில் வந்து சாயங்கால பஸ்ஸிலேயே திரும்பிக்கொண்டிருந்தாள்.

போன வாரம் மகள் போனில் குரலைத் தாழ்த்தி ஒரு துப்புக் கொடுத்தாள். மாமியார் ஃப்ரிட்ஜில் கீரைக்கட்டுக்குப் பின்னால் சாக்லேட்டை ஒளித்து வைத்துத் தின்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை பழமலைநாதர் கோயிலுக்கு வரும்போது வீட்டுக்கு அழைத்து வருவதாகவும் சொன்னாள். நீலாவதிக்கு அது போதும்.

சாக்லேட் கேசரி என்று முடிவாயிற்று. கோகோ தூளைப் பாலில் கரைத்து, பட்டறையில் களிமண் குழம்பை வடிகட்டுவது போலவே கட்டியில்லாமல் இரண்டு முறை வடிகட்டினார். கேசரி சுருண்டு வந்ததும் பெரிய சாக்லேட் கட்டி ஒன்றை உடைத்துப் போட்டுக் கிளறினார். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்த யானை அச்சு ஒன்று, புத்தம் புதுசு, அலமாரியில் இருந்தது. சுடச்சுட அதில் அமுக்கிவிட்டார். பிளாஸ்டர் அச்சு களிமண்ணிலிருந்து தண்ணீரை உறிஞ்சும் என்பது அவருக்குத் தெரியும். நெய்யையும் விட்டுவைக்காது என்பது அரை மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது. "கால் லிட்டர் நெய்யக் குடிச்சிப்புட்டு ஒண்ணுந் தெரியாத மாதிரி குந்திகிட்டு இருக்குது பாரு" என்று அச்சைத் திட்டினார்.

யானை முழுசாக வந்தது. தும்பிக்கை மட்டும் தனியாக வந்தது. உருக்கிய சாக்லேட்டைத் தடவி ஒட்டினார். ஒட்டியது தெரியக் கூடாதே என்று சுரண்டினார். சுரண்டியது தெரியக் கூடாதே என்று ஈரத் துணியால் துடைத்தார். துடைக்கத் துடைக்க யானை பளபளத்தது. கடைசியில் அது தின்கிற பொருள் என்பதற்கு ஒரு அடையாளமும் மிச்சமில்லை.

காசியம்மாள் வந்தார். தண்ணீர் வேண்டாம் என்றார், காப்பி வேண்டாம் என்றார். தட்டில் யானையைக் கொண்டுவந்து வைத்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"பட்டறையில செஞ்சதா? லட்சணமா இருக்குது. எங்க வூட்டு ஷோகேஸ்ல வச்சிக்கிறேன்" என்று பையிலிருந்து துண்டை எடுத்து, யானையைச் சுற்றத் தயாரானார். சுப்புராயன் மின்விசிறியை ஆராய்ந்தார். மதிவதனி அம்மாவைப் பார்த்தாள்.

நீலாவதி யானையையும் துண்டையும் மாறி மாறிப் பார்த்தார். கேசரி என்று வாயால் சொன்னால் அந்தப் பழைய பாட்டு வந்துவிடும். சொல்லாவிட்டால் யானை ஷோகேஸில் எறும்பு மொய்த்து நிற்கும். மகள் சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவாள். மூன்று மணி நேரம் மினுக்கிய கை ஒரு நொடிதான் தயங்கியது. யானையின் காதைப் பட்டென்று ஒடித்தார்.

பதறிப்போன காசியம்மாள் என்னவோ கேட்க வாயைத் திறந்தார். திறந்த வாய்க்குள் காது போய்விட்டது.

"அன்னைக்கு உங்க பந்திக்கு வராத கேசரிங்க, அண்ணி" என்றார் நீலாவதி. "ஒரு வாய் சாப்டுங்க."

வாய்க்குள் போனதைத் துப்பவா முடியும்? காசியம்மாள் முதலில் கோபமாக மென்றார். பிறகு மெதுவாக மென்றார். துண்டு மடியிலேயே கிடந்தது. விழுங்கி முடித்து, யாரையும் பார்க்காமல் யானையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீலாவதி தட்டைத் திருப்பி, மறு காதை அவர் கைப்பக்கமாக வைத்தார்.