பேச்சி அக்கா ஏற்றுக்கொண்ட பழி

செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டு வந்தபோது எங்கள் மாவு மில் பூட்டிக் கிடந்தது. வாசலில் நாலைந்து பேர் தூக்குவாளியும் பையுமாக நின்றார்கள். என் அப்பா, நான் அத்தா என்று கூப்பிடுகிறவர், படியில் உட்கார்ந்திருந்தார். "பேச்சி இறந்துருச்சும்மா. காலையில நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்துச்சாம். கம்பம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு" என்றார். எனக்கு அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. அது ஏன் என்பதை எழுதத்தான் எல்லோரும் தூங்கிய பிறகு உட்கார்ந்திருக்கிறேன்.

சுருளிப்பட்டி ரோட்டில் எங்கள் மில்லுக்கு வந்து போகிற உங்கள் எல்லோருக்கும் பேச்சி அக்காவைத் தெரியும். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே மெஷினை ஓட்டியவர் அவர்தான். ஒருமுறை அத்தா தேனிக்குப் போய்ப் புது மெஷின் பார்த்துவிட்டு வந்தார். ஒரே மெஷினில் மிளகாயும் மாவும் அரைத்துக் கட்டுப்படி ஆகவில்லை, கடன் வாங்கியாவது இன்னொன்று போட வேண்டும் என்றார்.

"அத வாங்கி எங்கன வைப்பீக மொதலாளி? இருக்கிற மெஷினே பாதி நேரம் சும்மாதான கெடக்கு" என்றார் அக்கா. "ஆள் வந்த வரிசையில அரைக்கிறோம். மொளகா, அப்புறம் மாவு, திரும்ப மொளகா. தொடைக்கிறதுலயே பொழுது போகுது."

மறுநாளிலிருந்து காலையில் மாவு மட்டும், மதியம் மல்லியும் மஞ்சளும், மூன்று மணிக்கு மேல் மிளகாய் என்று மாற்றினார். கடைசியில் இரண்டு படி அரிசிக் குருணையைப் போட்டு ஓட்டினால் உள்ளே ஒட்டியிருக்கும் மிளகாய்த்தூள் எல்லாம் அதோடு வந்துவிடும். சிவந்த குருணையைக் கோழி வளர்ப்பவர் வாங்கிப் போவார். "கோழிக்குக் காரம் தெரியாது பாப்பா, நமக்குத்தான் தெரியும்" என்பார் அக்கா. அத்தா கடன் வாங்கவே இல்லை.

முதலில் நீங்கள் சும்மா விட்டீர்களா? "வெள்ளென வந்து நிக்கிறேன், மொளகாய்க்கு மூணு மணிக்கு வான்னு சொல்ற. இது மில்லா, கவர்மெண்ட் ஆபீஸா?" என்று ஒருவர் கத்தினார். "கவர்மெண்ட் ஆபீஸ்னா நாளைக்கு வரச் சொல்லுவாக ஆத்தா. நான் இன்னிக்கே வரச் சொல்றேன்" என்றார் அக்கா. கத்தியவரே சிரித்துவிட்டார்.

போன ரமலானில் ஒருநாள் அக்காவுக்குக் காய்ச்சல். கடைசி மிளகாயை அரைத்துக் கொடுத்துவிட்டு, "குருணையைப் போட்டு ஓட்டிட்டு ஆஃப் பண்ணிரு பாப்பா" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். நோன்பு திறக்கும் நேரம் நெருங்கிவிட்டது. நான் மெஷினை நிறுத்திவிட்டு வீட்டுக்கு ஓடினேன். பிறகு வந்து செய்யலாம் என்று நினைத்தேன். மறந்துபோனேன்.

மறுநாள் காலை அக்கா முதலில் அரைத்தது ஒரு கைக்குழந்தைக்கான சத்துமாவு. மதியம் அந்தத் தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார். உதடெல்லாம் சிவந்து, வீறிட்டு அழுதது. பாலைக் கொடுத்த பிறகுதான் மெல்ல அடங்கியது.

"பச்சப் புள்ளைக்கு மொளகாயக் குடுத்திருக்கியே, கண்ணு எங்க போச்சு?" என்று எல்லோர் முன்பும் அத்தா அக்காவிடம் கத்தினார். முந்தின நாள் நான் பிரித்திருக்க வேண்டிய புதுக் குருணை மூட்டை, தைத்த தையல் பிரிக்காமல் அக்காவின் காலடியில் இருந்தது. அக்கா அதைப் பார்த்தார். தராசுப் பக்கம் நின்ற என்னையும் பார்த்தார்.

"என் கைப்பிசகுதான் மொதலாளி" என்றார்.

அவருக்குத் தெரிந்ததா, இல்லை, காய்ச்சலில் தானே மறந்துவிட்டதாக நினைத்தாரா? அதற்குப் பிறகும் என்னைப் பாப்பா என்றுதான் கூப்பிட்டார். ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று சில நேரம் நினைக்கிறேன். சொல்லியிருக்க மாட்டேன் என்றும் தோன்றுகிறது. அன்றிலிருந்து குழந்தைகளுக்கான மாவை அத்தா அவரை அரைக்க விடவில்லை.

அக்கா இறந்து நாலு நாள் கழித்து, இன்று சாயங்காலம் அவருடைய தங்கை செல்வி மில்லுக்கு வந்தார். அவருக்கும் மெஷின் ஓட்டத் தெரியும். "அக்கா பாத்த வேலைய நான் பாக்குறேன்ணே. வீட்டுல வேற வருமானம் இல்ல" என்றார். "புள்ள மாவுல மொளகாயப் போட்ட வீட்டு ஆளு. சனங்க வர மாட்டாக, வேணாம்மா" என்று அத்தா சொல்லிவிட்டார். செல்வி அக்கா படியிறங்கிப் போனார். நான் தராசுப் பக்கமே நின்றேன்.

ஒரு பிடி குருணையைக் கூட வீணாக்காதவர் பேச்சி அக்கா. தன் நல்ல பெயரை ஏன் என் மேல் செலவழித்தார்? எத்தனை முறை யோசித்தாலும் எனக்குப் புரியவில்லை. அவருடையது என்று என்னிடம் இருப்பது அவர் எனக்காகச் சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான். அதை வைத்துக்கொள்ளவும் பயமாக இருக்கிறது, திருப்பிக் கொடுக்கவும் பயமாக இருக்கிறது.

அத்தாவிடம் நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதனால் இதை மில் கதவில் ஒட்டப் போகிறேன். நீங்கள் எல்லோரும் படித்துவிட்டால் நான் பின்வாங்க முடியாது. செல்வி அக்கா நாளைக்கும் வந்து கேட்பதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அவர் வருவதற்குள் ஒட்டிவிட வேண்டும்.