எங்கே என்று கேட்காத வீடு

புலம்பெயர்ந்து வந்த நாட்டில், லிட்கம் என்ற புறநகரில், சச்சிதானந்தனின் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. வெளியே கிளம்புகிற ஆளைப் பார்த்து எங்கே போகிறாய் என்று யாரும் கேட்கக்கூடாது. யாழ்ப்பாணத்துச் சனத்துக்கு இது புதிதில்லை. கேட்டால் போகிற காரியம் குழம்பிவிடும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மிஞ்சிப் போனால் "தூரமோ?" என்று பட்டும் படாமலும் ஒரு வார்த்தை கேட்டு வைப்பார்கள். சச்சிதானந்தன் வீட்டில் அதுவும் தடை. அந்தத் தடை வந்ததற்குக் காரணம் அவருடைய தங்கச்சி யோகராணி.

அவள் படகில் வந்து, தடுப்பு முகாமில் கிடந்து, கடைசியில் அண்ணன் வீட்டுப் பின்னறைக்கு வந்து சேர்ந்த புதிது. ஒரு சனிக்கிழமை அண்ணன் கோட்டும் சூட்டுமாகக் கிளம்பினார். பக்கத்துப் புறநகரான ஸ்ரத்பீல்டில் ஒரு வீடு ஏலத்துக்கு வந்திருந்தது. யோகராணி வெங்காயக் கையோடு குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "எங்க அண்ணை வெளிக்கிடுறியள்?" என்று கேட்டுவிட்டாள். வீடு வேறொருவர் கைக்குப் போய்விட்டது. ஏலத்தில் மடி கனத்தவன் வெல்லுவான் என்ற எளிய உண்மை அந்த வீட்டில் எடுபடவில்லை. தங்கச்சியின் வாய்தான் என்று தீர்ப்பாகிவிட்டது. அண்ணன் மனைவி, மச்சாள் பிரியந்தினிக்கு அது வருகிற விருந்தினருக்குப் பரிமாற ஒரு பலகாரமாகவும் ஆயிற்று. யோகராணி வடைத் தட்டோடு நிற்க, "இவதான் எங்கட ஸ்ரத்பீல்ட் வீட்டை வித்தவ" என்று சிரித்துச் சிரித்து அறிமுகம் செய்வாள்.

யோகராணியும் அதை நம்பினாள் என்பதுதான் கொடுமை. போரின் கடைசி நாட்களில் மாத்தளனில் பங்கருக்குள் இருந்து தண்ணீர் எடுக்கக் கிளம்பிய கணவனை, எங்கே போகிறீர்கள் என்று அவள்தான் கேட்டாள். தண்ணீர்க் கானோடு போன மனிதன் திரும்பவில்லை. எறிகணைச் செல் விழுந்தது கேள்வியாலா என்று வேறு எவரும் யோசித்திருக்க மாட்டார்கள். அவள் யோசித்தாள். ஒருமுறை மனம் விட்டு அண்ணனிடம் சொல்லியும் இருந்தாள். ஏலம் தோற்ற அன்று அண்ணன் கழுத்துப்பட்டியை இழுத்துக் கழற்றியபடி அதையே எடுத்து வீசினார்: "உன்ர வாய் மனுசனைத் திண்டது காணாதெண்டு இப்ப வீட்டையும் திண்டுட்டுது."

அன்றோடு அவள் எவரையும் எங்கே என்று கேட்பதில்லை. தான் போகிற இடத்தையும் சொல்வதில்லை.

அவளுக்கு வேலை முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில். அகதிக் கோரிக்கையை நிராகரித்துவிட்டார்கள். தற்காலிகமாக இருக்க விடுகிற பிரிட்ஜிங் விசா, அதுவும் முடிந்து முடிந்து புதுப்பிக்கிற விசா. வீட்டில் சமையல், உடுப்பு, அண்ணனின் மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டி எல்லாம் அவள் கை. ஞாயிறு என்றால் விருந்தினர் வருவார்கள், அவள் அடுப்படியில் நிற்பாள். உழுந்து அரைத்து அரைத்தே இந்த நாட்டில் கிழவியாகிவிடுவேன் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்த காலத்தில்தான் பஸ் வந்தது.

வந்ததும் தூக்கத்தில்தான். வேலை முடிந்த களைப்பில், பிழையான பஸ்ஸில் ஏறி, கண்ணயர்ந்து, கடைசித் தரிப்பில் சாரதி தட்டி எழுப்ப முழித்தாள். சுற்றிவரக் குதிரைகள் மேய்கிற வேலிகள், தோடை மரங்கள், அதற்கப்பால் காடு. அடுத்த பஸ் வரக் கன நேரம் என்றான் சாரதி. சும்மா நிற்பானேன் என்று ஒரு மண்பாதையில் இறங்கி நடந்தாள். யூக்கலிப்டஸ் மணம் வந்தது. எதிரே வந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் ஹலோ சொல்லிவிட்டுத் தன் பாட்டில் போனார். விசா என்ன, பிள்ளைகள் எத்தனை, அண்ணனோடா இருக்கிறாய் என்று ஒரு கேள்வி கிடையாது. யோகராணிக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில் வந்த அழுகை அது.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் வடைக்கு அரைத்து வைத்துவிட்டு அவள் மாயமாகிவிடுவாள். ஞாயிறு எத்தனை பஸ் ஏறினாலும் ஓப்பல் கார்ட் என்கிற பயண அட்டை ஒரு அளவுக்கு மேல் காசு வெட்டாது. ரயிலில் ஹோன்ஸ்பி, அங்கிருந்து ஊர்ப்புறம் போகிற பஸ், பஸ் நிற்கிற இடத்திலிருந்து கால். பள்ளத்தாக்கில் இறங்குகிற பாதை எது, ஓடையைக் கல்லில் தாண்டுகிற இடம் எது, கடைசி பஸ்ஸைப் பிடிக்க எந்த மரத்தடியில் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கு அத்துபடி. மஞ்சள் தொப்பி, புளிச்சாதப் பார்சல், தண்ணீர்ப் போத்தல். சாரதி யோன் அவளைக் கண்டதும் தலையாட்டுவான். பெயர் கேட்டதில்லை. மாலை கடைசி பஸ்ஸில் அவள் ஏறும்வரை ஒரு நிமிடம் தாமதித்துத்தான் கதவை மூடுவான்.

வீட்டில் யாரும் கேட்கவில்லை. சட்டம் அப்படி. சட்டம் வசதியாகவும் இருந்தது. கேட்டால் பதில் வரும், பதில் வந்தால் அவளும் ஒரு மனுஷி என்றாகிவிடும்.

ஒரு ஞாயிறு. அதற்கு முதல் நாள் மழை பெய்திருந்தது. ஓடைக் கல்லில் பாசி. தெரிந்த கல்தானே என்று அலட்சியமாகக் கால் வைத்தாள். கால் வழுக்கி இரண்டு பாறைகளுக்கிடையில் போய்ச் சொருகியது, உடம்பு மற்றப் பக்கம் விழுந்தது. முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. ஒருமாதிரிக் காலை இழுத்தெடுத்து, கரைக்குத் தவழ்ந்து வந்து, பாறையில் சாய்ந்து இருந்தாள்.

சொன்னால் நம்பமாட்டீர்கள், அன்று அவளைக் காப்பாற்ற ஆள் வந்தது. ஒரு இளம் சோடி, நாயோடு. கணுக்காலைத் துவாயால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டிருந்தவளைப் பார்த்து, ஆர் யூ ஓகே என்று கேட்டார்கள். யோகராணி வாயெல்லாம் பல்லாகச் சிரித்து, "ஓகே, ஓகே, தாங்க்யூ" என்றாள்.

வந்திறங்கிய நாளிலிருந்து கடற்படைக்காரன், முகாம் காவலாளி, விசா அதிகாரி, வேலைத்தல மேற்பார்வையாளர் என்று எத்தனையோ பேர் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். எல்லாருக்கும் அவள் கொடுத்த பதில் ஒன்றுதான். ஓகே இல்லை என்று சொன்னால் பெயரைக் கேட்பார்கள், பெயரைச் சொன்னால் ஃபைலைத் திறப்பார்கள். வாய் தன் பழக்கத்தில் சொல்லிவிட்டது. சோடி வளைவில் மறைந்த பிறகுதான் சொன்னது என்னவென்று அவளுக்கு உறைத்தது. கத்தினாள். ஓடை இரைச்சலில் அது எங்கே கேட்கப்போகிறது. தன் வாயை அவள் அன்று வெறுத்ததுபோல் அண்ணன்கூட வெறுத்திருக்க மாட்டார்.

மேலே தெருவில் கடைசி பஸ் கியர் மாற்றி ஏறிப் போவது கேட்டது. பரவாயில்லை என்று தேற்றிக்கொண்டாள். இரவுக்கு இடியப்பம் அவிக்க ஆளில்லை என்றாவது தேடுவார்கள். அண்ணன் பொலிசுக்குச் சொல்லுவார், அவர்கள் இங்கே வருவார்கள். இங்கே என்றால் எங்கே? அந்த இடத்தில் அவளுடைய எண்ணம் தட்டுப்பட்டு நின்றது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை குசினிக் கதவில் நின்று சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லையே என்று இருட்டும்வரை தலையில் அடித்துக்கொண்டாள்.

அன்றிரவு வீட்டில் நடந்ததை அண்ணன் மகள் வர்ஷா பிறகு சொல்லித்தான் யோகராணி அறிந்தாள். இடியப்பம் இல்லாததால் பீட்சா எடுத்தார்கள். உப்பில்லாவிட்டால் தெரியும் உப்பின் அருமை என்பார்கள். இவர்களுக்கு அதுவும் தெரியவில்லை, ஒரே திட்டு. மறுநாளும் ஆள் இல்லை என்றானதும் வர்ஷா, "ஷுட் வி கோல் த பொலிஸ்?" என்று கேட்டிருக்கிறாள். பொலிஸ் வாசலில் வந்து நின்றால் அக்கம்பக்கம் என்ன சொல்லும், அவளுடைய விசாவுக்குத்தான் வினை என்று தகப்பன் வாயை அடைத்துவிட்டார். தாய் இன்னும் ஒரு படி மேலே போனாள். ஞாயிறு தவறாமல் உடுத்திக்கொண்டு போகிறவள் சும்மாவா போவாள், எவனோ ஒருத்தன் இருக்கிறான், அவனோடு போய்விட்டாள் என்று சிநேகிதிகளுக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பது உண்மை. இங்கே உலையே வீட்டுக்குள் கொதித்தது.

தேடியவன் ஒருத்தன்தான். காலையில் இறக்கிவிட்ட மஞ்சள் தொப்பி கடைசி பஸ்ஸுக்கு வரவில்லை என்று யோன் அன்றே பொலிசுக்குச் சொன்னான். பெயர் என்ன என்றார்கள், தெரியாது. காணவில்லை என்று அப்படி ஒரு பெண்ணைப் பற்றி யாரும் முறைப்பாடு கொடுத்திருக்கிறார்களா என்று பார்த்தார்கள். ஒருவரும் இல்லை. தெரிந்தவர் காரில் ஏறிப் போயிருப்பாள் என்று விட்டுவிட்டார்கள். யோனுக்கு மனம் ஆறவில்லை. செவ்வாய்க்கிழமை, வேலை தொடங்க முன்னம், தானே பாதையில் இறங்கினான். பெயர் தெரியாததால் "பஸ் லேடி, பஸ் லேடி" என்று கூப்பிட்டுக்கொண்டே போனான். ஓடைக்கு மேலே பாதி ஏற்றத்தில், பின்பக்கத்தால் அரைந்து அரைந்து வந்து கிடந்தவள், ஆர் யூ ஓகே என்று அவன் கேட்டபோது முதல்தடவையாக "நோ" என்றாள்.

ஆஸ்பத்திரியில் காலைக் கணுக்காலுக்கு மேலே வெட்டி எடுத்தார்கள். முறிவில் இரத்த ஓட்டம் நின்றுபோயிருந்தது. ஞாயிறு இரவே வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் போனில் தமிழில் சொன்னார். நிதானமாக, ஒரு சொல் விடாமல் சொன்னார். உடுப்பு மாற்ற வந்த தாதி, உங்களை ஏன் யாரும் தேடவில்லை என்று கேட்டாள். யோகராணி சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

அண்ணனும் மச்சாளும் சூப்போடு வந்தார்கள். பனையால் விழுந்தவளை மாடேறி மிதிக்க வேண்டாமா? பக்கத்துக் கட்டிலுக்கும் கேட்கிற குரலில் அண்ணன் சொன்னார்: "எங்க போறன் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா இதெல்லாம் வந்திருக்குமே? நாங்கள் கேக்கேலாது. நீ சொல்லியிருக்கலாம்." யோகராணி சூப்பைக் குடிக்கவில்லை.

போக வேறிடம் இல்லாததால் திரும்பவும் பின்னறைக்கே வந்தாள். சலவை வேலை போய்விட்டது. கதிரையில் இருந்தபடி வெங்காயம் வெட்டலாம்தானே, வெட்டினாள். தங்கச்சியை நான் கைவிடவில்லை என்று சச்சிதானந்தன் கோயிலில் நாலு பேர் முன்னால் சொல்லிப் பெயர் வாங்கிக்கொண்டார். மச்சாளின் விருந்தாளிகள் இப்போது காலைப் பார்ப்பதற்காகவே குசினிப் பக்கம் எட்டிப் பார்த்தார்கள். அந்த ஆள் யார் என்று ஒருத்தி காதுக்குள் கேட்டாள். ஆள் இல்லை, பஸ்தான் என்று யோகராணி சொன்னதை ஒருவரும் நம்பவில்லை.

பொய்க்கால் பழகத் தொடங்கிய மாதங்களில் சச்சிதானந்தனுக்கு மறுபடியும் வீட்டு ஆசை வந்தது. அதே ஸ்ரத்பீல்ட், இன்னும் பெரிய வீடு. வங்கி சரி சொல்லிவிட்டது. சனிக்கிழமை காலை ஏலம். நல்ல நேரம் பார்த்து, சாமி கும்பிட்டு, திருநீறு பூசி, அதே கோட்டும் சூட்டுமாக வாசலுக்கு வந்தார். மச்சாள் பட்டுச்சேலையில் பின்னால். காரோட்ட, திறப்பைக் கையில் பிடித்தபடி வர்ஷா முன்னால்.

குசினியில் கதிரை அரைகிற சத்தம் கேட்டது. யோகராணி ஊன்றுகோலைப் பிடித்து எழும்பி, நிலைக்கதவு வரைக்கும் மெல்ல நடந்து வந்தாள். அண்ணனின் ஒரு கால் வாசற்படிக்கு வெளியே இருந்தது.

"எங்க அண்ணை வெளிக்கிடுறியள்?"

சச்சிதானந்தனின் முகம் வெளிறியது. மச்சாள் தலையில் கை வைத்தாள். சகுனம் பிழைத்தால் திரும்பி வந்து இருந்து, தண்ணீர் குடித்து, நேரம் கழித்துத்தான் புறப்பட வேண்டும். ஏலம் விடுகிறவனுக்கு அதெல்லாம் தெரியாது, அவன் சொன்ன நேரத்துக்குத் தொடங்கிவிடுவான். வெளியே வைத்த காலை அவர் உள்ளே எடுத்தார்.

"உனக்கு விசரே?" என்றார்.

"இல்லை அண்ணை," என்றாள் யோகராணி. "கேட்டு வைக்கிறன். நீங்கள் திரும்பி வராட்டி எங்க தேடுறதெண்டு பொலிசிட்டச் சொல்லவேணுமெல்லே."

வர்ஷா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சச்சிதானந்தன் சோபாவில் வந்து இருந்தார். யோகராணியே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அதைக் குடித்தார்.