சரித்திரத்துக்கு ஆள் எடுத்த கதை

நான் கணக்கு வாத்தியார். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆம்பூரில் என்னிடம் படித்தவர்களில் பாதிப் பேர் என்னைச் சரித்திர வாத்தியார் என்றே இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தோல் வியாபாரிகள் சேர்ந்து நடத்திய கல்லூரி அது. தாராள மனசுக்காரர்கள், அதில் குறை சொல்ல மாட்டேன். சரித்திரப் பேராசிரியர் நடுவருஷத்தில் சென்னைக்குப் போய்விட்டார். கம்பெனி ஆட்சிப் பாடத்தை நடத்த ஆள் இல்லை. இரண்டே வாரம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று என் தலையில் கட்டினார்கள்.

வேலை கேட்டு முதலில் வந்தவர் கும்பகோணத்துக்காரர். கமிட்டித் தலைவர் ஒரே கேள்விதான் கேட்டார்: வியாபாரத்துக்கு வந்தவன் நாட்டைப் பிடித்தது எப்படி? சரக்கு வைக்க ஒரு கிடங்கு, கிடங்குக்குக் காவல், காவலுக்குக் கோட்டை, கோட்டைக்கு வரி என்று அவர் முக்கால் மணி நேரம் சொல்லிக்கொண்டே போனார். ஆற்காட்டு நவாபு ஏமாந்த இடம் வந்தபோது கமிட்டியில் ஒருவருக்கும் டீ ஞாபகம் இல்லை. விட்டது சனியன் என்று நினைத்தேன்.

அவரை வெளியே உட்காரவைத்துவிட்டுத் தலைவர் சொன்னார்: "நல்ல ஆளுதான் சார், இல்லேன்னு சொல்லலே. ஆனா மூணு லாட் பார்க்காம நான் ஒரு தோலுகூட எடுத்ததில்லே. இன்னும் ரெண்டு பேரைப் பார்த்துடலாம்."

தோல் கிடங்கில் கிடக்கும், மனுஷன் கிடப்பானா என்று கேட்டேன். சிரித்தார்கள். கும்பகோணத்துக்காரரை ரயிலேற்றப் போனபோது அவர் முடிவை விசாரித்தார். காரணத்தை மறைக்காமல் சொன்னேன், வெட்கமாக இருந்தது.

மற்ற இருவரும் வந்து போக ஒரு மாதம் ஆயிற்று. ஒருவர் வருஷங்களை மட்டும் ஒப்பித்தார். இன்னொருவர், திமிரி ஊர்க்காரர், தோல் வாடை தனக்கு ஒத்துக்கொள்ளாது என்று தோல் வியாபாரிகளிடமே சொன்னார். கமிட்டிக்குப் பரம திருப்தி, முதல் ஆள்தான் சரி என்று நிச்சயமாகிவிட்டதே. தந்தி அடித்தார்கள். அவர் வேறு கல்லூரியில் சேர்ந்து பதினைந்து நாள் ஆகியிருந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். அதற்குப் பிறகும் ஆட்கள் வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் இதே கூத்து.

இரண்டு வாரம் ஆறு வருஷமாயிற்று. சர்வகலாசாலையிலிருந்து கல்லூரியைச் சோதிக்க ஒரு குழு வந்தது. அதில் அந்தக் கும்பகோணத்துக்காரரும் இருந்தார். என் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். நான் புத்தகத்தில் விரலை வைத்துக்கொண்டு பிளாசி யுத்தத்தை நடத்தினேன். மணி அடித்ததும் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்.

"மூணாவது ஆள் இன்னும் வரலையா?"

ஒரு மாதத்துக்குள் தகுந்த ஆளைப் போடாவிட்டால் சரித்திர வகுப்பை மூட வேண்டும் என்று குழு எழுதிவிட்டுப் போயிற்று. தலைவர் அதை இரண்டு முறை படித்தார்.

"அந்தக் கும்பகோணத்துக்காரரு நல்ல ஆளுன்னு அன்னைக்கே சொன்னேன் பாருங்க. சரி, ஒரு மாசம் இருக்கு சார். மூணு பேரைப் பார்த்துடலாம்."

இரண்டாவது ஆளைப் பார்ப்பதற்குள் மாதம் முடிந்து, வகுப்பை மூடிவிட்டார்கள். சரித்திரம் எடுத்திருந்த பதினொரு பையன்களும் பெட்டியோடு வேலூர்க் கல்லூரிக்கு ரயிலேறினார்கள். ஆறு வருஷமாக நான் கேட்ட விடுதலை எனக்குக் கிடைத்தது இப்படித்தான்.